பத்து விரலுக்கும் வேலை

வகுப்பறை வழக்கங்கள் – 14

சென்ற வாரம் வேதியியல் ஆய்வகத்தில் அமிலக் குப்பிகளுக்கு நடுவே நின்றிருந்தோம். இந்த வாரம் அதற்கு அடுத்த அறை. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தால் அதுதான் கம்ப்யூட்டர் லேப்.

பல பள்ளிகளில் இந்த அறைக்குத்தான் பூட்டு பெரிது. சன்னலுக்குக் கம்பி, கதவுக்கு இரும்புப் பட்டை, உள்ளே ஒவ்வொரு மானிட்டருக்கும் ஒரு துணி உறை. அண்மையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அப்படி ஓர் அறைக்குள் போனேன். கதவின் உள்பக்கம் சார்ட் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் விதிகள் எழுதி ஒட்டியிருந்தார்கள். செருப்புடன் வரக் கூடாது. தின்பண்டம் கொண்டுவரக் கூடாது. ஒயரைத் தொடக் கூடாது. ஆசிரியர் சொல்லாமல் எதையும் திறக்கக் கூடாது. எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 16 விதிகள். அதில் 14 ‘கூடாது’ என்று முடிந்தன.

அந்த விதிகளில் தப்பு ஒன்றுமில்லை. தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தால் கீபோர்டு போய்விடும். வேறு வாங்க எழுதிப் போட்டுவிட்டு எத்தனை நாள் காத்திருப்பது என்கிற கவலை ஆசிரியருக்கு. என்னை உறுத்தியது வேறு. 16 விதிகளும் இயந்திரத்தைக் காப்பாற்ற எழுதியவை. அதன் முன்னால் உட்காரப் போகிற பிள்ளையின் முதுகு, கண், விரல் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த வகுப்பில் அந்தப் பிள்ளை எதைக் கற்க வேண்டும் என்றும் ஒரு வரி இல்லை.

கிணற்றங்கரையில் ‘தண்ணீரை அழுக்காக்காதே’ என்று மட்டும் எழுதி வைத்தால் எந்தப் பிள்ளையும் நீச்சல் கற்காது. கம்ப்யூட்டர் லேபிலும் அப்படித்தான். விதி இயந்திரத்துக்கு மட்டும் இருந்தால் பிள்ளை அங்கே பயத்தைக் கற்றுக்கொண்டு வரும். தட்டச்சு ஒரு கைத்தொழில். தறியையும் தையல் மெஷினையும் போல அதற்கும் உட்காரும் முறை உண்டு, கை வைக்கும் முறை உண்டு, பழக வேண்டிய வரிசை உண்டு. அந்த முறையைச் சொல்வதுதான் இந்த வகுப்பின் முதல் விதியாக இருக்க வேண்டும்.

மாஸ்டரின் துண்டு

நான் தட்டச்சு கற்றது ஒரு சிறிய ஊரில், மளிகைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில். காலை ஆறு மணி பேட்ச். ரெமிங்டன், கோத்ரெஜ், ஃபேசிட் என்று பத்துப் பன்னிரண்டு இயந்திரங்கள். பேட்ச் தொடங்கினால் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை விழுவது போலச் சத்தம்.

முதல் வாரம் முழுக்க ஒரே வரிதான். இடது கைக்கு ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப். வலது கைக்கு செமிகோலன், எல், கே, ஜே, எச், ஜே. தமிழ்நாட்டில் இன்ஸ்டிட்யூட் படி ஏறிய யாரை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரியைச் சொல்வார்கள். தாள் நிறைய இதையே அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் மாஸ்டர் சிவப்புப் பேனாவால் பிழைகளை வட்டமிட்டுத் திருப்பித் தருவார்.

அவரிடம் மூன்றே விதிகள். முதுகு நாற்காலியில். கண் தாளில். விரல் வீட்டில். நடு வரிசையைத்தான் ‘வீடு’ என்பார். எந்த எழுத்துக்குப் போனாலும் விரல் திரும்பி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நான் குனிந்து விசையைப் பார்த்தால் பின்னாலிருந்து வந்து தம் தோள் துண்டை எடுத்து என் கைகளின் மேல் விரித்துவிடுவார். துண்டுக்கு அடியில் விரல்கள் தடுமாறும்.

“பாத்து அடிச்சா இன்னிக்கு வேகமா வரும் தம்பி. பாக்காம அடிச்சா ஆயுசுக்கும் வரும்.”

நாற்பது ஆண்டுகள் ஆகப் போகின்றன. இந்தக் கட்டுரையை விசைகளைப் பார்க்காமல்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

தமிழ்நாடு அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும், தட்டச்சுத் தேர்வு நடத்துகிறது. எல்லாரும் ‘லோயர்’ என்று சொல்லும் இளநிலைக்கு ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 30 சொற்கள். ‘ஹையர்’ எனும் முதுநிலைக்கு 45. ஐந்து தட்டுகளை ஒரு சொல்லாகக் கணக்கு வைப்பது உலக வழக்கு. ஆக, லோயர் எழுதுகிறவர் நிமிடத்துக்கு 150 தட்டு தட்டுகிறார், வினாடிக்கு இரண்டரை. குனிந்து எழுத்தைத் தேடித் தேடி அடிப்பவருக்கு எட்டாத வேகம் இது. முறையாகப் பழகியவருக்குச் சில மாதங்களில் எட்டிவிடும்.

சின்சினாட்டியில் ஒரு போட்டி

பார்க்காமல் அடிப்பது சிறந்ததா, பார்த்து அடிப்பது சிறந்ததா என்பது ஒரு காலத்தில் பெரிய வழக்காகவே நடந்தது. அமெரிக்காவில் கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸும் கூட்டாளிகளும் தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றது 1868-இல். ரெமிங்டன் நிறுவனம் அதை 1874-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இயந்திரம் வந்துவிட்டது, அதில் கையை எப்படி வைப்பது என்பதற்கு முறை ஏற்பட்டிருக்கவில்லை. ஆளுக்கு ஒரு விதமாக இரண்டு விரலிலும் நான்கு விரலிலும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

1888 ஜூலை 25 அன்று சின்சினாட்டி நகரில் ஒரு போட்டி. ஒரு பக்கம் சால்ட் லேக் சிட்டி நீதிமன்றத்தின் சுருக்கெழுத்தாளர் ஃபிராங்க் மெக்குரின். விசைகள் இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்துகொண்டு பார்க்காமல் அடிப்பவர். மறுபக்கம் லூயிஸ் டிராப். விசைகளைப் பார்த்து அடிப்பதில் கைதேர்ந்தவர். முதல் 45 நிமிடங்கள் காதால் கேட்டு அடிக்க வேண்டும். அடுத்த 45 நிமிடங்கள் எழுதியிருப்பதைப் பார்த்து அடிக்க வேண்டும். இரண்டிலும் மெக்குரின் வென்றார். தாளிலிருந்து பார்த்து அடிக்கும் சுற்றில் அவர் கண் தாளைவிட்டு நகரவே தேவையில்லை. எதிராளிக்குத் தாள், விசை, மறுபடி தாள் என்று கண் அலைந்துகொண்டே இருந்தது. தட்டச்சுப் பள்ளிகள் பார்க்காமல் அடிக்கும் முறையின் பக்கம் திரும்ப அந்த வெற்றி பெரிய காரணமானது.

மாஸ்டரின் துண்டுக்குப் பின்னால் இருப்பது இந்த அனுபவம்தான். ‘கீழே பார்க்காதே’ என்ற விதியின் காரணத்தை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். காரணம் தெரிந்தால் பிள்ளையே கண்ணை மேலே வைத்துக்கொள்ளும்.

உங்கள் அருகில் கீபோர்டு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நடு வரிசையைத் தடவிப் பாருங்கள். எஃப், ஜே இரண்டிலும் சிறு மேடு ஒன்று விரலில் தட்டுப்படும். இரண்டு ஆள்காட்டி விரல்களும் வந்து உட்காரும் இடம் அது. பார்க்காமல் வீட்டைக் கண்டுபிடிப்பதற்காகவே வைத்த அடையாளம். பல ஆண்டுகளாகக் கணினியில் வேலை பார்ப்பவர்களிடம் கேட்டிருக்கிறேன். அந்த மேடு இருப்பதே தெரியாது என்பவர்கள் பலர். தப்பு அவர்களுடையதல்ல. பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை.

கால் எட்டாத பிள்ளை

நான் போன அந்த லேபில் ஆறாம் வகுப்புக்குப் பீரியட். கம்ப்யூட்டர் டீச்சர் இளம் வயதுக்காரர். இரண்டாம் வரிசையில் ஒரு சிறுமி. நாற்காலி உயரம், அவளுக்குக் கால் தரையில் பதியவில்லை. கால் ஆடிக்கொண்டிருந்ததால் நுனியில் உட்கார்ந்தாள். நுனியில் உட்கார்ந்ததால் முதுகு கூனியது. முதுகு கூனியதால் மணிக்கட்டை மேசை விளிம்பில் முட்டுக் கொடுத்திருந்தாள். மணிக்கட்டு மடங்கியதும் சுண்டுவிரல் எந்த விசைக்கும் எட்டவில்லை. அவள் அடித்ததெல்லாம் இரண்டு ஆள்காட்டி விரலால்.

“பாப்பா, எழுந்திரு கொஞ்சம்” என்றார் டீச்சர். மூலையில் இரண்டு செங்கல்லும் ஒரு பலகையும் இருந்தன. எடுத்துவந்து நாற்காலிக்கு முன்னால் வைத்தார். அறையில் பழைய பாடப்புத்தகக் கட்டுகள் நிறையவே கிடந்தன. ஆனால் புத்தகத்தைக் காலடியில் போட நம் ஊரில் யாருக்கும் மனம் வராது. சிறுமி உட்கார்ந்து பலகையில் இரு பாதங்களையும் வைத்தாள். முதுகு தானாக நிமிர்ந்து நாற்காலியில் சாய்ந்தது. மணிக்கட்டு மேலே எழுந்தது. விரல்கள் பத்தும் விசைகளின் மேல் வந்து இறங்கின. யாரும் அவளை ‘நிமிர்ந்து உட்கார்’ என்று அதட்டவில்லை.

இதைத்தான் விதியாக எழுத வேண்டும். பாதம் தரையில் அல்லது பலகையில். முழங்கை உடலை ஒட்டி, ஏறக்குறைய செங்கோணத்தில். மணிக்கட்டு மேசையில் அழுந்தாமல் நேராக. திரை ஒரு கை நீளத் தூரத்தில், அதன் மேல்விளிம்பு கண்ணுக்கு நேரே. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடிக்கு அப்பால், சன்னலுக்கு வெளியே நிற்கும் வேப்பமரத்தையோ கொடிக்கம்பத்தையோ இருபது வினாடி பார்க்க வேண்டும். கண் மருத்துவர்கள் சொல்லும் எளிய வழி இது. திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்து கண் உலர்ந்துபோகிறது. தூரத்தில் பார்த்தால் கண்ணின் தசைக்கு ஓய்வு. பிள்ளைகள் ஜன்னலைப் பார்ப்பதையே விதியாக வைத்திருக்கும் வகுப்பு பள்ளியில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

‘தம்பி’க்கு நான்கு தட்டு

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் வகுப்பில் பெரும்பாலும் விட்டுப்போவது தமிழ். ஆங்கில விசைகளைப் பழக்கிவிட்டு, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தால் மாறி வரும் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். தன் தாய்மொழியில் ஒரு சொல் எழுதப் பிள்ளை ஒவ்வொரு முறையும் அதை ஆங்கில ஒலியாக மாற்றி யோசிக்கிறது. ‘ல’, ‘ழ’, ‘ள’ மூன்றுக்கும் நடுவே திண்டாடுகிறது.

தமிழை இயந்திரத்தில் ஏற்றுவது ஒரு காலத்தில் மலைப்பான வேலையாக இருந்தது. 247 எழுத்துகளை எப்படி அடக்குவது? யாழ்ப்பாணத்தில் பிறந்து, கடல் கடந்து போய் வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழுக்கான தட்டச்சுப் பொறியை வடிவமைத்த முன்னோடி. கொம்பு, கால், கொக்கி என்று எழுத்தின் உறுப்புகளைப் பிரித்து அந்தச் சிக்கலைத் தீர்த்த தலைமுறை அது. அந்த இயந்திரத்தில் ‘கெ’ அடிக்க முதலில் கொம்பு, பிறகு ‘க’. கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிக்க வேண்டும்.

கணினி வந்த பிறகு அந்தத் தேவை போய்விட்டது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்99 என்ற விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அதன் அமைப்பு தமிழ் இலக்கணத்தின் அமைப்பு. உயிர் 12, மெய்யெழுத்து வரிசைக்கு 18, புள்ளி ஒன்று. ஆக 31 விசைகளில் தமிழ் முழுவதும் அடங்கிவிடுகிறது. ஆய்தம், புள்ளி விசையிலேயே ஷிஃப்டுடன் இருக்கிறது. உயிர் எல்லாம் இடது கைக்கு. மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ‘க’வை அடித்து ‘எ’யை அடித்தால் ‘கெ’. முதல் வகுப்பில் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படித்ததும் அப்படித்தான்.

அந்த லேபில் டீச்சர் தமிழ்99-ஐப் போட்டுக் காட்டினார். ஒரு பையனிடம், “தம்பின்னு அடிடா தம்பி” என்றார். வலது மோதிர விரலில் ‘த’. நடுவிரலில் ‘ம’. ஆள்காட்டி விரலில் ‘ப’. பிறகு இடது மோதிர விரலில் ‘இ’. நான்கு தட்டு. நான்கும் நடு வரிசையிலேயே. விரல் வீட்டைவிட்டு நகரவேயில்லை. திரையில் ‘தம்பி’.

“டீச்சர், நான் புள்ளி வைக்கவே இல்ல. தானா வந்துருச்சு!”

“ம் பக்கத்துல எது வரும்? இன எழுத்து படிச்சீங்கல்ல?”

“ப்!” என்றது வகுப்பு. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்று இன எழுத்துகள் சேர்ந்து வந்தால் முன்னெழுத்துக்குப் புள்ளி தானே விழும்படி தமிழ்99 செய்யப்பட்டிருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தாலும் அப்படியே. ‘அ’ அடித்து, ‘ம’வை இரண்டு முறை தட்டி, ‘ஆ’ அடித்தால் ‘அம்மா’. தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்த இலக்கணம் விரல் நுனியில் உயிரோடு வந்து நிற்பதை அந்தப் பிள்ளைகள் பார்த்தார்கள். அடுத்து ‘தமிழ்’ அடித்தார்கள். ‘ழ’வுக்கு வலது சுண்டுவிரல் கீழ் வரிசைக்கு இறங்க வேண்டும். நாற்பது சுண்டுவிரல்கள் தடவிக்கொண்டு இறங்கியதைப் பார்க்க எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

ஆகவே இன்னொரு விதி: முதல் மாதத்திலேயே தமிழ் விசைப்பலகை. ஆங்கிலத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் அந்தப் ‘பிறகு’ வருவதேயில்லை.

குரலில் சொன்னால் போதாதா?

பெற்றோர் பலர் கேட்கிறார்கள். போனில் பேசினால் அதுவே எழுதிவிடுகிறது; பிள்ளைகள் இரண்டு கட்டைவிரலில் பறக்கிறார்கள்; தட்டச்சு எதற்கு?

பேசுவது வேறு, எழுதுவது வேறு. பேச்சில் வந்ததை எழுத்தாக்கும்போது வாக்கியத்தை வெட்டி, ஒட்டி, முன்னும் பின்னும் மாற்றித்தான் கட்டுரை உருவாகிறது. அந்த வேலைக்குக் கை வேண்டும். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் நாற்பது பேரும் குரலால் எழுத முடியாது. நிரல் எழுதக் கீபோர்டு வேண்டும். அரசு அலுவலகத் தட்டச்சர் வேலைக்கு இன்றும் அரசுத் தட்டச்சுத் தேர்வுச் சான்றிதழ் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்தைத் தேடும் வேலை போய்விட்டால் மனம் சொல்ல வந்ததில் நிற்கும். ‘ஞ’ எங்கே இருக்கிறது என்று தேடுகிற நேரத்தில் பாதி வாக்கியம் மறந்துபோகிறது. பள்ளிக்கூடத்தில் தட்டச்சு சொல்லித் தருவது எழுத்தாளனுக்கும் குமாஸ்தாவுக்கும் மட்டுமல்ல, யோசிக்கிற எல்லாப் பிள்ளைக்கும்.

கணினியைப் பிள்ளை தானே கற்றுக்கொள்ளும் என்பது உண்மை. 1999-இல் தில்லி கால்காஜியில் ஒரு குடிசைப் பகுதியை ஒட்டிய சுவரில் துளை போட்டுச் சுகத மித்ரா ஒரு கணினியைப் பதித்து வைத்தார். அந்தப் பகுதிப் பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமலே அதை இயக்கக் கற்றார்கள். அந்தச் சோதனை எனக்குச் சொல்வது இது: பிள்ளைக்குக் கணினி மேல் பயமில்லை, பயம் பெரியவர்களுக்குத்தான். ஆனால் பத்து விரலையும் எங்கே வைப்பது என்பது தானாக வராது. சைக்கிளைத் தானே ஓட்டிப் பழகலாம். வீணையில் விரல் வைக்க ஒருவர் காட்டித் தர வேண்டும். தட்டச்சு இரண்டாவது வகை.

மதிப்பெண் எதற்கு?

தட்டச்சு வகுப்பில் ஆசிரியர்கள் செய்யும் பெரிய பிழை, முதல் வாரத்திலேயே வேகத்தை அளப்பது. ‘யார் முதல்ல முடிக்கிறீங்க பாப்போம்’ என்றதும் பிள்ளை இரண்டு விரலுக்குத் திரும்பிவிடும். ஏனென்றால் தொடக்கத்தில் இரண்டு விரல்தான் வேகம். பத்து விரல் பழகும்போது முதல் சில வாரம் வேகம் குறையும். அந்த இறக்கத்தைத் தாங்கிப் போகிறவர்களுக்குத்தான் பிறகு ஏற்றம். இதைப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆசிரியர்களுக்கு என் யோசனை ஒன்று. முதல் பருவத்தில் 25 மதிப்பெண் என்றால், உட்காரும் முறைக்கு 5, விசையைப் பார்க்காமல் அடிப்பதற்கு 10, பிழையின்மைக்கு 7, வேகத்துக்கு 3. எதற்கு மதிப்பெண் தருகிறோமோ அதைத்தான் பிள்ளை பழகும். பிழையில்லாமல் நிமிடத்துக்கு 12 சொல் அடிக்கிற பிள்ளை, பிழையோடு 25 அடிக்கிற பிள்ளையைவிட முன்னால் இருக்கிறது. பழைய இயந்திரத்தில் தப்பு தாளில் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இன்று பேக்ஸ்பேஸ் அதைத் துடைத்துவிடுகிறது. வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் பேக்ஸ்பேஸைத் தொடாமல் அடிக்கச் சொல்லுங்கள். எந்த விரல் எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு மூன்று பேர் என்பதுதான் பல பள்ளிகளின் நிலைமை. அங்கே தைரியமான பிள்ளை கீபோர்டைப் பிடித்துக்கொள்ளும், கூச்சமுள்ள பிள்ளை ஆண்டு முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகும். பெண் பிள்ளைகள் இப்படி ஒதுங்கிப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து இடம் மாற்றுவதைக் கட்டாய விதியாக்க வேண்டும். ஒருவர் அடிக்கும்போது மற்றவர் பாடத்தை வாசித்துக் காட்டட்டும், விரலைக் கவனித்துச் சொல்லட்டும். ஆனால் பக்கத்தில் இருப்பவர் கீபோர்டில் கை வைத்து உதவக் கூடாது. அவரவர் தப்பை அவரவர் விரலே திருத்த வேண்டும்.

சொன்னால் அடி இல்லை

இன்னும் ஒரு விதி இருக்கிறது. எந்த லேப் சுவரிலும் நான் பார்க்காத விதி. ‘ஏதாவது கெட்டுப்போனால் உடனே சொல். சொன்னால் திட்டு கிடையாது.’

என் பள்ளி நாள்களில் ஒரு பையன் சோதனைக் குழாயை உடைத்துவிட்டுப் பயத்தில் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டான். மறுநாள் வேறொரு பையன் வெறுங்காலில் மிதித்தான். கணினியிலும் மறைக்கிற தப்புதான் ஆபத்து. தெரியாமல் ஏதோ ஒரு படம் திறந்துகொண்டது, யாரோ முன்பின் தெரியாதவர் பேசினார், கோப்பு அழிந்துவிட்டது. பிள்ளை முதலில் ஓடிவர வேண்டியது ஆசிரியரிடம். ‘நீ ஏன் அதைத் திறந்தாய்’ என்பது நம் முதல் கேள்வியாக இருந்தால் பிள்ளை அடுத்த முறை வராது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இணையப் பண மோசடிக்கு 1930. இந்த இரண்டு எண்களையும் அந்தச் சார்ட் அட்டையின் மேல் பகுதியில் பெரிதாக எழுதுங்கள்.

பாஸ்வேர்டு விஷயமும் அப்படியே. நண்பனுக்குப் பென்சில் கொடுக்கலாம், டிபனில் பங்கு கொடுக்கலாம், பாஸ்வேர்டு கொடுக்கக் கூடாது. அடுத்தவரின் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பிள்ளையைப் பயமுறுத்த இதைச் சொல்ல வேண்டாம். விளையாட்டாகச் செய்கிற காரியத்தின் எடை எவ்வளவு என்று தெரியட்டும்.

லேப் சுவருக்கு ஒரு பட்டியல்

பத்து விரலுக்குப் பத்து விதி. வேண்டியவர்கள் அப்படியே எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

1. கை கழுவித் துடைத்துவிட்டு உட்கார். மதியச் சாப்பாட்டின் பிசுக்கு விசைகளுக்கு நடுவே தூசியைப் பிடித்து வைக்கும்.

2. தண்ணீர் பாட்டிலை வாசல் மேசையில் வை. கீபோர்டுக்குள் இறங்கிய தண்ணீரை வெளியே எடுக்க முடியாது.

3. பாதத்தைத் தரையில் பதித்து முதுகைச் சாய்த்து உட்கார். விரலின் பலம் முதுகிலிருந்து வருகிறது.

4. எஃப், ஜே மேடுகளைத் தடவி விரல்களை வீட்டில் வை. வீடு தெரிந்த விரல் வழி தவறாது.

5. கண் திரையில் அல்லது தாளில். குனிந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் விரல் கற்க வேண்டியதைக் கண் பறித்துக்கொள்கிறது.

6. முதலில் பிழையில்லாமல். வேகம் பின்னால் தானே வரும்.

7. உன் ஃபோல்டரில், உன் பெயரில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமி. கரண்ட் சொல்லிவிட்டுப் போகாது.

8. மணி அடித்தால் இடம் மாறு. அடுத்தவர் விரலுக்கும் பழக்கம் வேண்டும்.

9. சந்தேகம் வந்தால், ஏதாவது கெட்டால், ஏதாவது பயமுறுத்தினால் டீச்சரிடம் சொல். சொன்னவருக்குத் திட்டு கிடையாது.

10. ஷட்டவுன் கொடுத்துத் திரை அணையும் வரை காத்திரு, பிறகு சுவிட்ச். எழுதி முடிக்காத கோப்பை நடுவில் நிறுத்தினால் உன் வேலையும் சேர்ந்து அழியும்.

பத்தில் ஒன்றுகூடக் ‘கூடாது’ என்று முடியவில்லை. ஒவ்வொன்றோடும் அதன் காரணமும் இருக்கிறது. காரணம் சொல்லாத விதியை ஆசிரியர் அறையைவிட்டு வெளியே போனதும் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள்.

பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை

கடைசியாகத் தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், கணினிகள் வந்து இறங்கிய நாளில் ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. இரண்டு ஆண்டு கழித்துப் போனபோது உறை பிரிக்காத கீபோர்டுகள் அப்படியே இருந்தன. ‘பசங்க கெடுத்துடுவாங்க சார், இன்ஸ்பெக்ஷன்ல யார் பதில் சொல்றது?’ என்றார்கள். தொடாமல் வைத்ததால் அவை நன்றாக இருந்துவிடவில்லை. இரண்டு சி.பி.யு.க்களில் எலி ஒயரைக் கடித்திருந்தது. யுபிஎஸ் பேட்டரி செத்துப்போயிருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் பத்தாம் வகுப்பு முடித்து வெளியே போன பிள்ளைகளுக்கு அந்த அறையின் உள்பக்கம் எப்படியிருக்கும் என்றே தெரியாது.

கீபோர்டு தேய வேண்டிய பொருள். பள்ளிக்கூடத்து விசையில் எழுத்து அழிந்து போயிருந்தால் அது அங்கே பாடம் நடந்ததற்கு அடையாளம். அழிந்த எழுத்தால் நஷ்டமும் இல்லை, முறையாகக் கற்ற பிள்ளை அதைப் பார்க்கப் போவதில்லை. பொருள் பழுதானதற்கு ஆசிரியரைப் பொறுப்பாளியாக்கும் வழக்கத்தை அதிகாரிகள் தளர்த்த வேண்டும். பயன்பாட்டில் தேய்ந்ததற்கும் கவனக்குறைவில் உடைந்ததற்கும் பதிவேட்டில் தனித்தனிப் பத்தி இருக்கட்டும். அப்போது டீச்சர் தைரியமாகக் கதவைத் திறப்பார்.

பெற்றோருக்கு ஒன்று. இன்று மாலை பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும், ‘கம்ப்யூட்டர் பீரியட்ல இந்த வாரம் எத்தனை நிமிஷம் உன் விரல் கீபோர்டு மேல இருந்துச்சு?’ என்று கேளுங்கள். பதில் ‘பத்து நிமிஷம்கூட இல்ல’ என்றால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து அதைக் கேளுங்கள். அந்த அறையின் சாவி நம் பிள்ளைகளுக்காகத்தான் பள்ளியில் தொங்குகிறது.

(தொடரும்)